கைப்பேசிக் குறிப்புகளைக் காக்கும் முறை: தீவு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம்

அந்தமான் நிகோபார் தீவுகளில் பணிபுரியும் விவசாய ஊழியர், சுகாதார ஊழியர், வனக் காவலர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் முன்னர்ப் பேரேட்டிலும் குறிப்பேட்டிலும் எழுதிவந்தவற்றுள் பெரும்பகுதி இன்று கைப்பேசியில் சேர்கின்றது. தென்னையில் கண்ட நோயின் புகைப்படம், தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் பட்டியல், மழைமானியின் அளவு, மாணவரின் மதிப்பெண், முதியவர் ஒருவர் தம் தாய்மொழியில் சொன்ன கதையின் ஒலிப்பதிவு ஆகிய யாவும் உள்ளங்கை அளவுள்ள ஒரே கருவியில் அடங்கிவிடுகின்றன. குறிப்பேடு ஒன்று தொலைந்தால் அந்தக் குறிப்பேடு மட்டுமே போகும். கைப்பேசி கெட்டால் பல ஆண்டுகளின் உழைப்பு ஒரே நாளில் போய்விடும். ஆதலின் அதிலுள்ள செய்திகளுக்குப் பிரதி எடுத்துவைக்கும் முறையை ஒவ்வொரு ஊழியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தீவுகள் கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பெரும் பூகம்பமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் இத்தீவுகளைத் தாக்கின. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். கார் நிகோபார் முதலிய தீவுகளில் கரையோரமாக நின்ற வீடுகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் அழிந்தன. அவற்றினுள் இருந்த ஏடுகளும் கடலோடு போயின. நாட்டின் தென்கோடியாகிய இந்திரா முனையில் நிலமே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகத்தைக் கடல் சூழ்ந்தது.

உயிரிழப்புக்கு முன் ஏடுகளின் இழப்பு சிறிதே. ஆயினும் உயிர் தப்பியோர் நிவாரணம் கேட்டு நின்றபோது அவரவர் இன்னார் என்பதற்கும், இவ்வளவு நிலம் உடையவர் என்பதற்கும் சான்று வேண்டியிருந்தது. ஓர் ஏடும் அதன் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால், அந்தப் பிரதியால் பயன் ஏதும் இல்லை. காப்பு முறை அனைத்திற்கும் இதுவே அடிப்படை: மூலத்தை அழிக்கும் ஆபத்து பிரதியையும் அழிக்கக்கூடாது.

கைப்பேசியில் செய்தி தங்கும் விதம்

கைப்பேசியின் உள்நினைவகம் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் நுண்ணறைகளால் ஆனது. மின்சாரம் நின்றபின்னும் அவ்வறைகளில் மின்னூட்டம் தங்குவதால் செய்தியும் தங்குகின்றது. எனினும் ஓர் அறையை எத்தனை முறை அழித்து எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பென் டிரைவும் மெமரி கார்டும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பல ஆண்டுகள் தீண்டாமல் பெட்டியில் போட்டுவைத்தால் அவற்றில் உள்ள மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்து, செய்தி சிதையக்கூடும்.

இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. சார்ஜர் செருகும் துளையில் உப்புநீர் புகுமாயின் உலோகத் தொடுமுனைகள் அரிக்கப்படுகின்றன. தோணியிலிருந்து இறங்கும்போது கைப்பேசி நீரில் விழுவதும் அரிதன்று.

கைப்பேசி முற்றிலும் செயலிழந்தாலும் பழுது பார்ப்பவர் உள்ளிருக்கும் படங்களை எடுத்துத் தந்துவிடுவார் என்று பலர் எண்ணுகின்றனர். இக்காலக் கைப்பேசிகளில் இது பெரும்பாலும் இயலாது. பிறர் படிக்காதவாறு உள்நினைவகத்தின் செய்திகள் மறைகுறியாக மாற்றி எழுதப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அதே கருவியின் செயலியோடு பிணைக்கப்பட்டுள்ளது. செயலி கெட்டால் சாவியும் போகும். திருடனிடமிருந்து செய்தியைக் காக்கும் அதே ஏற்பாடு, உரியவரிடமிருந்தும் அதனை மறைத்துவிடுகின்றது. எனவே, கருவி நன்னிலையில் இருக்கும்போதே பிரதி எடுக்கவேண்டும்.

காப்புப் பிரதி வேறு, ஒத்திசைவு வேறு

பேக்கப், சிங்க் என வழங்கும் இரண்டு செயல்களையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் இழப்பு மிகப் பெரிது. காப்புப் பிரதி என்பது ஒரு நாளில் இருந்த நிலையை அப்படியே வேறோர் இடத்தில் எடுத்துவைப்பது. ஒத்திசைவு என்பது இரண்டு இடங்களை எப்பொழுதும் ஒரே நிலையில் வைத்திருப்பது.

ஆசிரியர் ஒருவர் இரண்டு வருகைப் பதிவேடுகள் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். முதற் பதிவேட்டின் பக்கத்தை மாதக் கடைசியில் பார்த்து எழுதி அலமாரியில் பூட்டிவைத்தால் அது காப்புப் பிரதி. முதற் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்தவுடன் இரண்டாவதிலும் அப்பெயர் தானே அடிபடுமானால் அது ஒத்திசைவு. தவறாக அடித்த பெயரை முதல் முறையில் மீட்கலாம். இரண்டாம் முறையில் மீட்க முடியாது.

கூகுள் ஃபோட்டோஸ் போன்ற சேவைகளில் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும். கைப்பேசியில் அச்செயலியைத் திறந்து ஒரு படத்தை அழித்தால் இணையத்தில் உள்ள பிரதியும் அழியும். குப்பைத் தொட்டியில் அது 60 நாட்கள் இருக்கும், பின்னர் மீளாது. மேலும், இடம் போதாதபோது கைப்பேசியின் படங்களை நீக்கி இடம் தரும் ஒரு வசதியும் அச்செயலியில் உண்டு. அதனைப் பயன்படுத்தியபின் இணையத்தில் உள்ள ஒன்றே எஞ்சும். முன்பு இரண்டாக இருந்தது மீண்டும் ஒன்றாகிவிட்டது என்பதை ஊழியர் மறந்துவிடலாகாது.

ஒத்திசைவு பயனற்றது என்பது இதன் பொருளன்று. முகவரிகளும் நாட்குறிப்பும் கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் ஒன்றுபோல் இருப்பதற்கு அது மிகவும் ஏற்றது. அதனைக் காப்புப் பிரதியின் இடத்தில் வைப்பதே பிழை.

கடலடிக் கம்பியும் அதன் எல்லையும்

2020ஆம் ஆண்டுக்கு முன் இத்தீவுகள் வெளியுலகோடு செய்தி பரிமாறச் செயற்கைக் கோளையே பெரிதும் நம்பியிருந்தன. புவிநிலைக் கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றது. சைகை மேலே சென்று கீழே வர 72,000 கிலோமீட்டர் கடக்கவேண்டும். அதற்கு ஏறத்தாழ கால் விநாடி ஆகும். கோளின் கொள்திறனும் குறைவு. அதனைப் பலர் பங்கிட்டுக்கொள்ளவேண்டும்.

சென்னைக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பிக்கு 2018 டிசம்பர் 30ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் அது தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் ஆகிய ஏழு இடங்களை அது இணைக்கின்றது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், கம்பியின் முழு நீளத்தையும் கடக்க ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுந்த நேரம் போதும்.

ஆயினும் கம்பி கரையேறும் இடத்திலிருந்து காட்டு முகாமிலோ சிறு தீவிலோ உள்ள ஊழியரின் கைப்பேசி வரை செய்தி செல்ல வேறு வழி வேண்டும். அவ்வழி எல்லா இடங்களிலும் அகலமானதன்று. மேலும் கம்பி என்பது அறுபடக்கூடிய பொருள். 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளுக்கு அருகே எரிமலை வெடித்தபோது அந்நாட்டைப் பிற நாடுகளோடு இணைத்த கடலடிக் கம்பி அறுந்தது. அது சீர்செய்யப்பட ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று. தீவுகளில் வாழ்வோர் இணையம் இல்லாத நாட்களையும் கணக்கில் கொண்டே திட்டமிடவேண்டும்.

ஒரு சிறு கணக்கு இங்கே பயன்படும். இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகின்றது. கோப்பின் அளவு மெகாபைட்டில் சொல்லப்படுகின்றது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒவ்வொன்றும் 4 மெகாபைட் உள்ள 300 படங்கள் 1,200 மெகாபைட் ஆகும். அதாவது 9,600 மெகாபிட். அனுப்பும் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட் எனில் 9,600 விநாடிகள், அதாவது 2 மணி 40 நிமிடங்கள் தேவை. வேகம் 10 மெகாபிட் எனில் 16 நிமிடங்களில் முடியும். பதிவிறக்கும் வேகத்தினும் அனுப்பும் வேகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்; காப்புப் பிரதிக்கு வேண்டியது அனுப்பும் வேகமே.

இனி, 64 கிகாபைட் மெமரி கார்டு ஒன்றை உறையிலிட்டுத் தீவுகளுக்கிடையே செல்லும் கப்பலில் அனுப்பி, அது ஒரு நாளில் போய்ச் சேர்வதாகக் கொள்ளலாம். 5,12,000 மெகாபிட் செய்தி 86,400 விநாடிகளில் சென்றதாகும். அது விநாடிக்கு ஏறத்தாழ 6 மெகாபிட் வேகத்துக்குச் சமம். மெலிந்த இணைப்புள்ள இடத்தில் கப்பலும் ஒரு நல்ல செய்திவழியே என்பது இதனால் விளங்கும்.

அமைப்பைக் கண்டு ஏமாறலாகாது

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் காப்புப் பிரதி இயக்கத்தில் உள்ளது என்று காட்டினால், வேலை முடிந்தது என ஊழியர் நிம்மதி அடைகின்றார். ஆனால் அந்தத் தானியங்கி முறை வழக்கமாகச் சில நிபந்தனைகள் கூடினால்தான் நடைபெறும்: கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கவேண்டும், பயன்படுத்தாமல் வைக்கப்பட்டிருக்கவேண்டும், வைஃபை இணைப்பு இருக்கவேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இல்லாத ஊழியரின் கைப்பேசியில் மூன்றாம் நிபந்தனை பல மாதங்களுக்கு நிறைவேறாமலே போகலாம். அமைப்பு இயக்கத்திலேயே இருக்கும். பிரதி மட்டும் இராது.

எனவே பார்க்கவேண்டியது கடைசியாகப் பிரதி எடுக்கப்பட்ட நாளையே. அமைப்புகளில் கூகுள் பகுதியின்கீழ்க் காப்புப் பிரதி என்னும் இடத்தில் அந்நாள் காட்டப்படும். ஐஃபோனில் ஐகிளவுட் பகுதியில் அவ்வாறே காணலாம். அந்நாள் ஒரு வாரத்துக்கு முற்பட்டதாயின், வைஃபை உள்ள இடத்துக்குச் சென்று உடனே பிரதி எடுக்கும்படி பொத்தானை அழுத்தவேண்டும்.

வாட்ஸப் செயலியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அது நாள்தோறும் அதிகாலை 2 மணிக்கு ஒரு பிரதி எடுக்கின்றது. அப்பிரதி அதே கைப்பேசிக்குள்ளேயே வைக்கப்படுகின்றது. கூகுள் கணக்கில் சேர்க்கும்படி தனியே அமைத்தால் அன்றி அது கருவியோடு சேர்ந்தே மறையும்.

கைக்கெட்டும் பிரதி

இணைய வசதி குறைந்த இடங்களில் முதற் பிரதியை அருகிலேயே எடுப்பது நலம். அதற்குப் பின்வரும் முறை எளிது.

முதலில், காக்கவேண்டியவற்றைப் பட்டியலிடவேண்டும்: களப் படங்கள், ஒலிப்பதிவுகள், படிவங்கள், தொலைபேசி எண்கள். எண்களைத் தொடர்புகள் செயலியிலிருந்து ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். காலை வணக்கப் படங்களையும் திரைப்படங்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் மீதி பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

இரண்டாவது, ஓ.டி.ஜி. கேபிள் மூலம் பென் டிரைவைக் கைப்பேசியில் செருகி, கோப்புகளை நகலெடுக்கவேண்டும். நகர்த்தலாகாது; நகர்த்தினால் மூலம் கைப்பேசியை விட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறையும் தனி உறையை உருவாக்கி ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் பெயரிட்டால், உறைகள் தாமே காலவரிசையில் அமையும். ஃபேட்-32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. நீண்ட காணொளி எடுப்போர் எக்ஸ்-ஃபேட் முறையில் அமைத்துக்கொள்ளவேண்டும். செருகியதைப் பிடுங்குவதற்கு முன் வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, பள்ளியிலோ அலுவலகத்திலோ கணினி இருப்பின் யு.எஸ்.பி. கேபிள் வழியாக அதிலும் ஒரு பிரதி வைக்கலாம். இணையம் இல்லாமலே இரண்டு கைப்பேசிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பக் குவிக் ஷேர் போன்ற வசதிகள் உண்டு. சிங்திங் என்னும் இலவச மென்பொருள் அலுவலகத்தின் உள் வைஃபை மூலமாகவே கைப்பேசியையும் கணினியையும் ஒத்திசைக்கும். அதற்கு வெளி இணைப்புத் தேவையில்லை.

பென் டிரைவைக் கைப்பேசி இருக்கும் அதே பையில் வைத்துச் சுமப்பது வீண். தோணி கவிழ்ந்தால் இரண்டும் நனையும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மேடான இடத்தில் உள்ள கட்டடத்தில் வைத்தலே தக்கது.

இணையப் பிரதி

இரண்டாம் பிரதி வேறு தீவிலோ நிலப்பரப்பிலோ இருக்கவேண்டும். அதனை எளிதில் நிறைவேற்றுவது இணையமே. கூகுள் கணக்கில் கட்டணமின்றி 15 கிகாபைட் இடம் கிடைக்கின்றது. மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் ஆகிய மூன்றும் அதனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 5 கிகாபைட் தருகின்றது. இடம் நிரம்பியவுடன் பிரதி எடுப்பது நின்றுவிடும். ஆதலின் மாதம் ஒருமுறை மீதி இடத்தைப் பார்த்தல் வேண்டும்.

இணைப்பு மெலிந்த இடத்தில் யாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்ப முயலாமல், சிறியனவும் அரியனவுமாகியவற்றை முதலில் அனுப்புதல் தக்கது. எழுத்துக் குறிப்புகளும் படிவங்களும் சில நொடிகளில் சென்றுவிடும். படங்களை இரவில் அனுப்பலாம். காணொளிகளைத் தலைநகருக்குச் செல்லும் நாளுக்கென வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் ஏற்றியதாலேயே ஒரு செய்தி அழியாத் தன்மை பெற்றுவிடாது. இணையம் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள கணினியே. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசாங்கத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர் தம் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் அமைப்பின் 858 டெராபைட் செய்தி அழிந்தது. அதற்கு வேறிடத்தில் பிரதி இல்லை. தம் மேசைக் கணினியிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி வைத்திருந்த ஊழியர் மட்டுமே தம் கோப்புகளைக் கையில் கொண்டிருந்தனர்.

இதனால்தான் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்னும் விதி உலகெங்கும் கூறப்படுகின்றது. கைப்பேசியில் உள்ளது ஒன்று. பென் டிரைவில் உள்ளது இரண்டு. இணையத்தில் உள்ளது மூன்று.

நோயாளிகளின் விவரம், மாணவரின் முகவரி, பழங்குடி மக்களைப் பற்றிய குறிப்பு ஆகியவற்றை ஊழியர் தம் சொந்தக் கணக்கில் ஏற்றலாகாது. துறை ஏற்படுத்தியுள்ள கணக்கையே பயன்படுத்தவேண்டும். கப்பலில் அனுப்பும் கார்டிலும் அத்தகைய கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியே அனுப்பவேண்டும்.

சாவியையும் காக்கவேண்டும்

இணையத்தில் பிரதி பத்திரமாக இருந்தும் அதனைத் திறக்க இயலாத நிலை ஏற்படுவதுண்டு. கைப்பேசி கடலில் விழுந்துவிட்டது. ஊழியர் புதுக் கைப்பேசி வாங்குகின்றார். கடவுச்சொல்லை இட்டவுடன், எண்ணுக்கு அனுப்பிய ஆறிலக்கக் குறியைக் கேட்கின்றது. அந்த எண்ணின் சிம் கார்டும் கடலடியில் கிடக்கின்றது.

இதற்கென முன்னரே செய்யத்தக்க ஏற்பாடு உண்டு. இரு கட்டச் சரிபார்ப்பை அமைத்தவருக்குக் கூகுள் பத்து மாற்றுக் குறிகளைத் தருகின்றது. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் உடையது. ஒருமுறை மட்டுமே செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைக்கவேண்டும். வாட்ஸப் பிரதியைக் கடவுச்சொல்லால் பூட்டியவர் அச்சொல்லை மறந்தால் அந்நிறுவனமும் அதனைத் திறந்து தர இயலாது. மின்னணுப் பிரதிகளின் சாவிக்குக் காகிதமே இன்னும் நம்பத்தக்க காவலனாக உள்ளது.

பிரதியைச் சோதித்தல்

திறந்து பார்க்கப்படாத பிரதியைப் பிரதி என்று சொல்வதற்கில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பென் டிரைவை வேறொரு கருவியில் செருகி, பழைய உறையிலிருந்து ஒன்றும் புதிய உறையிலிருந்து ஒன்றுமாகச் சில கோப்புகளைத் திறந்து பார்க்கவேண்டும். இணையக் கணக்கையும் மற்றொரு கணினியிலிருந்து திறந்து பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை யாவற்றையும் புதிய சாதனத்தில் நகலெடுத்தால், மின்னூட்டக் கசிவினால் வரும் சிதைவும் தவிர்க்கப்படும்.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. மாணவர்கள் ஒரு கதையை இரண்டு தாள்களில் எழுதட்டும். ஒரு தாளைப் பூட்டிவைத்து மற்றதில் திருத்தம் செய்து, காப்புப் பிரதிக்கும் ஒத்திசைவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லட்டும்.

2. பள்ளியில் கிடைக்கும் இணைய இணைப்பின் அனுப்பும் வேகத்தை அளந்து, 2 கிகாபைட் செய்தியை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடட்டும்.

3. வீட்டில் உள்ள பெரியோரின் கைப்பேசியில் கடைசியாகக் காப்புப் பிரதி எடுக்கப்பட்ட நாளை அவர்கள் அனுமதியோடு பார்த்துக் குறித்து வரட்டும். அப்பட்டியலை வகுப்பில் வைத்து ஆராய்ந்தால், அமைப்பு இயக்கத்தில் இருந்தும் பிரதி இல்லாத கைப்பேசிகள் எத்தனை என்பது தெரியவரும்.

மூன்றாம் பயிற்சி முடிந்த அன்று மாலையே அவ்வீடுகளில் பிரதி எடுக்கப்படுமாயின், இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.